சந்தனமா பிஸ்கட்டா

இசக்கிராஜா காலையில் காப்பியைத் தொடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவன் கல்யாணத்துக்காக, சுண்ணாம்பை விட்டு டிஸ்டம்பர் அடிக்க ஏற்பாடு. முந்தின நாள் பெயிண்டர் சந்தன நிறமும் பிஸ்கட் நிறமும் பக்கத்துப் பக்கத்தில் ஒரு முழம் பூசிக் காட்டிவிட்டுப் போயிருந்தார். உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சந்தனம் விழுந்த இடத்தில்தான் அந்த எண்ணெய்க் கறை இருந்தது. உட்கார்ந்து சாய்கிறவளின் தலை உயரம், உள்ளங்கை அகலம். அவனைப் பெற்ற கையோடு செத்துப்போன பேச்சித்தாயின் தலை பட்ட கறை என்று சின்ன வயதிலிருந்து தொட்டுக் கும்பிடுகிறான். தைக்குத் தை வெள்ளையடிக்கும்போது சித்தி சண்முகசுந்தரி அதை மட்டும் சுற்றி விட்டுவிடுவாள். தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து வெள்ளத்திலும் அது போகவில்லை. இப்போது சித்திதான் இடம் காட்டியிருப்பாள் என்று அவனாக முடிவு கட்டினான். அவளோ நேற்றெல்லாம் வயலில் நின்றாள்.

"எங்கம்மை தடம் இருக்கது ஒனக்குப் பொறுக்கலை. அக்கா புருசனைக் கட்டியும் ஆத்தாமை அடங்கலையா சித்தி?"

நாற்று நட்டு வெடித்த கையை அவள் சேலையில் துடைத்துக்கொண்டாள். அக்கா பிள்ளையை வளர்க்க வந்தவள். தனக்கென்று ஒன்று பெற்றுக்கொள்ளவில்லை.

ரைஸ்மில்லில் மூட்டை தூக்கி முதுகு வளைந்த அப்பா கருத்தையா உள்ளே வந்தான். வேண்டாம் என்று அவள் கண்ணைக் காட்டினாள். இந்தத் தடவை அவன் கேட்கவில்லை.

"ஏலே, ஒங்கம்மை சாகும்போது இந்தச் செவரே கிடையாது. வெறும் ஓலைத் தட்டி. நீ நடக்க ஆரம்பிச்ச பொறவுதான் கட்டுனேன். ஒனக்கு மூச்சு எளைப்பு வரும்போதெல்லாம் ஒன்னை நெஞ்சுல நிமித்தி வச்சுக்கிட்டு இவதாம்லே அதுல சாஞ்சு கெடந்தா. அது இவ தலை எண்ணெய். எங்கம்மை எங்கேன்னு நீ அழுத. இந்தா இருக்கான்னு இவ அதைக் காட்டிட்டா. வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியமும் வாங்கிட்டா."

இசக்கிராஜா அப்படியே குந்திவிட்டான். காலைத் தொட வந்தவனை இழுத்துச் சித்தி தன் தோளில் சாத்திக்கொண்டாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்...

அப்போதுதான் மூவரும் சுவரைச் சரியாகப் பார்த்தார்கள். சந்தனத்தை மீறிப் பழைய கறை மேலே வந்திருந்தது. எண்ணெய்தானே, வரும். ஆனால் பிஸ்கட்டிலும், அதே உயரத்தில், இன்னொரு கறை ஊறியிருந்தது. நேற்று வரை நெல் கொட்டிவைக்கும் குலுக்கை நின்ற இடம் அது. அங்கே ஒருத்தரும் சாய்ந்திருக்க முடியாது.

கருத்தையா தொட்டான். ஈரம். முகர்ந்தான். கரிசலாங்கண்ணி. பேச்சித்தாய் போன பிறகு அந்த எண்ணெய் இந்த வீட்டில் காய்ச்சியதே இல்லை.

வாசலில் சைக்கிளை நிறுத்திய பெயிண்டர், எந்த நிறம் என்று கேட்டார்.

சண்முகசுந்தரி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாதிக்குச் சந்தனம், பாதிக்கு அது. இந்த ரெண்டு எடத்தையும் விட்டுருங்க அண்ணாச்சி. அக்கா இப்பத்தான் வந்து ஒக்காந்திருக்கா."