கற்பூரம் மணக்கும் கிடாய்

எண்பத்திரண்டாம் வருசம். கொட்டாம்பட்டிக்கு அருகில் ஒரு சிற்றூர். அந்தி சாயும் நேரத்தில், யாரும் கொளுத்தாமலே தங்கப்பொண்ணு வீட்டுத் தொழுவத்தில் கற்பூரம் மணந்தது.

மோந்து பார்த்தால், மணம் வந்தது கிடாய் மொட்டையனிடமிருந்து. பாறைக்காட்டில் மேய்ந்து திரும்பும் நாளெல்லாம் இதே கதை. தெருநாய்கூட அதைக் கண்டு குரைக்காமல் ஒதுங்கியது.

"நம்ம கோயில் பேச்சியாத்தா கெடாயைக் கேக்குறா. வெள்ளிக்கிழமை தண்ணி தெளிப்போம். ஒடம்பைத் துலுக்குச்சுன்னா ஆத்தா சம்மதிச்சுட்டான்னு அர்த்தம், வெட்டிர வேண்டியதுதான்," என்றார் அப்பா அழகுமலை.

தலையில் தண்ணீர் விழுந்தால் எந்த ஆடுதான் உடம்பைச் சிலிர்க்காது? தாயில்லாத குட்டிக்குச் சங்கில் பால் புகட்டி மொட்டையனாக வளர்த்தவள் தங்கப்பொண்ணுதானே.

மறுநாள் மொட்டையனின் பின்னாலேயே போனாள். பாறைக்காட்டில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. திடீரென்று மொட்டையனைக் காணோம். பாறை இடுக்கிலிருந்து மட்டும் சரக், சரக் என்று உரசும் சத்தம். மெல்ல எட்டிப் பார்த்தாள்.

மொட்டையன் ஒரு சாம்பல் நிறச் செடியில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. குப்பென்று கற்பூர மணம்.

ஓடிவந்து சொன்னாள். "அப்ப அந்தச் செடியிலதான் ஆத்தா இருக்கா," என்றார் அப்பா. போச்சு.

மதுரையில் செடிகளின் எண்ணெயை ஆராயும் மலையம்மாள் அக்கா ஊருக்கு வந்திருந்தார். கிடாய் ஒடித்துப் போட்டிருந்த கிளைகளைப் பொறுக்கி, அவரிடம் கொடுத்தனுப்பினாள் தங்கப்பொண்ணு. வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு சின்னக் குப்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"இலையை வேகவச்சு, ஆவியைக் குளிரவச்சு எடுத்த எண்ணெய்டி இது. இதுல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணு கற்பூரம். இன்னொண்ணு இருக்கு. அது எனக்குத் தெரிஞ்ச எதோடயும் ஒத்துப்போகல."

"அப்ப அது என்னக்கா?"

"தெரியல," என்றார் அக்கா மெதுவாக. தங்கப்பொண்ணு குப்பியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால், கிடாய்மேல் தெளிக்க அழகுமலை தண்ணீர்ச் செம்பைத் தூக்கினார். சட்டென்று கற்பூர வாசம் எழுந்தது.

"அண்ணே, வாசம் கெடாகிட்டருந்து வரல," என்றார் கூட்டத்தில் ஒருவர். "ஒங்க தோள்லருந்துல்ல வருது."

அழகுமலை தன் துண்டை மோந்து பார்த்தார். முகம் வெளிறியது.

"அந்தச் செடியோட எண்ணெயைத்தாம்ப்பா ஒங்க துண்டுல பூசுனேன்," என்றாள் தங்கப்பொண்ணு. "இப்ப ஆத்தா ஒங்களையும் கேக்குறாளா?"

அழகுமலை மகளைப் பார்த்தார். கிடாயைப் பார்த்தார்.

"ஆத்தாவுக்குப் பொங்கல் வச்சாப் போதும்," என்றவர், செம்புத் தண்ணீரை மடமடவென்று தானே குடித்துவிட்டார்.