ஆம் என்றால் நீலம்

சிவப்பு விளக்கு மூன்று விநாடி எரிந்து அணைந்தது.

வடிவு அந்தக் கண்ணாடிக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு மாதம் காத்திருந்தது இந்த மூன்று விநாடிக்குத்தான். நீலம் என்றால் ஆம். சிவப்பு என்றால் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்பதுதான் சரியான விடை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“என்னக்கா, தப்பா வந்திருச்சா?” என்று கேட்டாள் ஜெபசீலி. மணப்பாட்டுக் கரையில் இருந்த விண்செவி நிலையத்தில், விண்கலத்திலிருந்து வரும் துடிப்புகளைப் பதிவு செய்பவள் அவள்.

“சரியாத்தான் வந்திருக்கு.”

“பிறவு என்ன?”

“அதான்.”

நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு நெடுவான் விண்கலம் கிளம்பி ஒன்பது ஆண்டு முடிந்திருந்தது. திரும்பி வர இன்னும் பதிமூன்று ஆண்டு. வடிவின் கணவன் செந்தூர்பாண்டி அதில் எந்திரம் பார்ப்பவன். நான்காம் ஆண்டில் தூசுப் படலம் ஒன்று கலத்திலிருந்து செய்தி அனுப்பும் அலைத்தட்டைச் சல்லடையாக்கிவிட்டது. அதன்பின் பூமியிலிருந்து போகும் சொற்கள் அங்கே கேட்டன. அங்கிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு வகைத் துடிப்பு மட்டும் வந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு கேள்வி. அதற்கு விடை வந்த பிறகே அடுத்தது.

முதல் தடவை எல்லோரையும் போல அவளும், “நல்லா இருக்கீங்களா?” என்றுதான் கேட்டாள். நீலம். இரண்டாம் தடவையும் அதே கேள்வி, அதே நீலம். நன்றாக இல்லை என்றால் மட்டும் அவன் சொல்லிவிடுவானா? அப்போதுதான் அவளுக்குப் பழைய விளையாட்டு நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் திருச்செந்தூர் பஸ்ஸில் விளையாடியது. ஒருவர் வரலாற்றில் யாரையாவது மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் ஆமா இல்லையா என்று கேட்டே கண்டுபிடிக்க வேண்டும்.

“யாரையாவது நெனச்சுக்கோங்க. பொம்பளையா?” என்று எழுதி அனுப்பினாள். நீலம். ராணியா? நீலம். தமிழ்நாட்டிலா? நீலம். இப்படியே ஆண்டுகள் ஓடின. கலம் தொலைவுக்குப் போகப்போக, விடை வரும் மாதங்களும் நீண்டன. மதுரையை ஆண்டவளா என்று கேட்டதற்கும் நீலம் எரிந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணி மங்கம்மாள். பஸ்ஸிலும் பாதி நாள் அவன் நினைத்தது மங்கம்மாளைத்தான்.

கண்டுபிடித்த பிறகும் அவள் இன்னொன்று கேட்டாள். “வெள்ளைக்காரங்களோட சண்டை போட்டவளா?”

மங்கம்மாளையும் வேலு நாச்சியாரையும் செந்தூர்பாண்டி எப்போதும் குழப்பிக்கொள்வான். எத்தனை முறை திருத்தினாலும், “ராணின்னா வெள்ளைக்காரன்கிட்ட சண்டை போடாம சும்மாவா இருந்திருப்பா?” என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி வாதாடுவான். அந்தத் தப்பான ‘ஆமா’வை இன்னொரு தரம் கேட்க அவளுக்கு ஆசை. வந்தது சிவப்பு.

“அவுக இல்ல ஜெபசீலி. அவுகன்னா தப்பாத்தான் சொல்லியிருப்பாக. பதிலிதான் பேசுது.”

பதிலியைப் பற்றி எல்லா வீட்டாருக்கும் தெரியும். கிளம்புமுன் ஒவ்வொருவரின் பேச்சையும் பழக்கத்தையும் கலத்தின் கணினியில் ஏற்றியிருந்தார்கள். ஆள் நெடுந்தூக்கத்தில் இருந்தால் அவருக்குப் பதிலாக அது விடை சொல்லும். ஆள் இல்லாமலே போனாலும் சொல்லும்.

“கலத்துல நூலகம் இருக்குல்லாக்கா. வாசிச்சுத் தெரிஞ்சிருக்கலாம்.”

“அவுக புஸ்தகம் எடுக்கிறது தலைக்கு வச்சுப் படுக்கத்தான்.”

சொல்லும்போதே அவளுக்கு உறுத்தியது. செய்ய ஒன்றுமில்லாத வெளியில் இத்தனை ஆண்டு. வாத்தியாரான பெண்டாட்டியிடம் ஒருமுறையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து வாசித்திருக்க மாட்டானா?

ஜெபசீலி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மெய்வினா விண்ணப்பம். ஒரு வீட்டுக்கு ஒரே தடவை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று நிலையம் கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பதிலி பொய் சொல்ல முடியாது. இல்லை என்று வந்தால் அந்த வீட்டுப் பதிலியை அணைத்துவிடுவார்கள்.

வடிவு தாளைத் தொடவில்லை. “அதே கேள்வியத் திருப்பிப் போடு,” என்றாள்.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் நாயக்கர் பாடம் வந்தது. மங்கம்மாள் போட்ட சாலைகளையும் கட்டிய சத்திரங்களையும் சொல்லிக்கொண்டு வந்தவள், வெள்ளைக்காரர்கள் என்ற சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேள்வி போய்ப் பன்னிரண்டாம் மாதம் பள்ளிக்கு விடுப்பு எழுதிவிட்டு மணப்பாட்டுக்குப் போனாள்.

நண்பகலில் துடிப்பு வந்தது. நீலம்.

வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். ஜெபசீலி மட்டும் சிரிக்கவில்லை. பதிவேட்டில் நேரத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

“அக்கா, சொல்லலாமான்னு தெரியல. ஒரே கேள்விய ரெண்டாந்தரம் கேட்டா, முதல்ல சொன்னது ஒங்களுக்குப் பிடிக்கலன்னு பதிலி புரிஞ்சுக்கும். மாத்திச் சொல்லும். அதை அப்படித்தான் செஞ்சிருக்காவ.”

நீல வெளிச்சம் அணையுமுன்பே அது வடிவின் மனதிலும் ஓடியிருந்தது. அவளே கேட்டுக் கேட்டு அதற்குத் தன் கணவனைச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

“அவுகளா இருந்தாலும் அது புரியுமே,” என்றாள்.

ஜெபசீலி பதிவேட்டை ஒதுக்கி வைத்தாள். மெல்ல இழுப்பறையைத் திறந்தாள். தாள் அப்படியே இருந்தது.

“நாப்பது வீட்டுல எத்தன பேரு இதுல கையெழுத்துப் போட்டிருக்காக?”

“ஒருத்தரும் இல்லக்கா.”

“மத்தவுக என்ன கேக்காக?”

“எல்லாருக்கும் ஏதாவது ஒரு விளையாட்டு இருக்கு. கீழூர் அம்மா ஒருத்தங்க விடுகதை போட்டு, விடை இதான்னு கேக்காங்க. ஒரு அண்ணன் இன்னைக்கு வீட்டுல மீன் கொழம்பா இல்லையான்னு கலத்துல இருக்கிற மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுதாரு.”

வடிவு எட்டி அந்த இழுப்பறையைத் தள்ளி மூடினாள். பிறகு தட்டச்சுப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நிதானமாக அடித்தாள்.

“மங்கம்மாதான், கண்டுபிடிச்சிட்டேன். அடுத்து வேற யாரையாவது நெனச்சுக்கோங்க. ஆம்பளையா?”

“விடை வர பதிமூணு மாசம் ஆகும்க்கா,” என்றாள் ஜெபசீலி.

“ஆகட்டும். நீ அனுப்பு.”