ஆணியில் ஒரு முகமூடி

தூசி முகமூடி ஈரமாக இருந்தது. ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்த பட்டறையில் மாட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்த அதன் உட்புறம், யாரோ சற்றுமுன்தான் முகத்திலிருந்து கழற்றியதுபோல வெதுவெதுப்பாகவும் இருந்தது. மழைக்காலம், தகரக் கூரை, கொல்லையெல்லாம் ஓதம். ஏதாவது காரணம் இருக்கும் என்று கிளமென்ட் அதை மறுபடியும் ஆணியில் மாட்டினான்.

நாளை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து ஏலம் போடும்போது பூசணிக்காய், சேவல், கேக்கோடு அவன் செய்த பெட்டியும் வரும். சித்தூர் சபையில் வருடா வருடம் அதைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாரி கீதுபா, கிளமென்ட்டு கைன்னா கைதான்" என்பார்கள். அந்த வழவழப்பெல்லாம் அவன் மனைவி எப்சிபா உப்புத்தாள் பிடித்துத் தேய்த்தது. அதை அவன் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இந்தப் பெட்டியையும் அவள்தான் தேய்த்து முடித்திருந்தாள். பாலிஷ் மட்டும் பாக்கி.

மரம் படாக். ஆப்பிரிக்காவிலிருந்து வருவது, செம்மரத்துக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வராது. அறுத்த அன்று ஆரஞ்சாக இருக்கும், போகப் போக ரத்தம் உலர்ந்த நிறத்துக்கு வரும். மூடியின் நடுவே வெள்ளை மேப்பிள் மரத்தில் ஒரு சிலுவை பதித்திருந்தான். அங்கேதான் கவனம் வேண்டும். படாக்கின் தூசி மாவைவிட மெலிது. வெள்ளை மரத்தின் துளைகளில் இறங்கினால் வெளியே வராது. துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போகும், ஊதித்தான் தள்ள வேண்டும். பிறகு சிறு தூரிகையால் சிலுவைக்கு மட்டும் அரக்கு பாலிஷ். அரக்கைக் கரைக்கிற ஸ்பிரிட் படாக்கின் சாயத்தையும் கரைத்துவிடும் என்பதால், சிவப்பைத் தொட்ட தூரிகை வெள்ளைக்கு வரவே கூடாது.

மரத்துக்குள் போகிற தூசி நெஞ்சுக்குள்ளும் போகும். அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் முகமூடி வாங்கினான். ஒன்றே ஒன்று.

"உங்களுக்கு மட்டுந்தான் மூக்கு கீதா?" என்று எப்சிபா ஒருநாள் சிரித்தாள்.

"முந்தானையக் கட்டிக்கோ, போதும்."

கட்டிக்கொண்டாள்.

சிலுவையின் மேல் முதல் கோட்டை இழுத்தபோது போன் அடித்தது. ஒரு வாரமாகத் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடக்கும் எப்சிபாவுக்குத் துணையாக இருக்கும் அவள் தங்கை சுஜிதா.

"மாமா, அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கினே கீது. டாக்டர் திரும்பவும் கேக்கறாரு, ஊட்ல எதனா தூசில வேல செஞ்சாளான்னு. எந்தத் தூசின்னு தெரிஞ்சா மருந்தே வேறயாம். அவள கேக்கலான்னா, ஆக்சிஜன் மாஸ்க் மாட்டி வுட்டுக்கீறாங்கோ, பேச முடியல."

படாக் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரியும். நீங்க என்னா போட்டுக்கினீங்க, மாமா?

"தூசி ஏது? தாளிக்கிற பொகதான்."

"உங்க மர வேல?"

"அதுல அவ கையே வெக்கமாட்டா."

சுஜிதா போனை வைத்துவிட்டாள். காது மடல்வரை சுட்டது. யாருமில்லாத பட்டறையில் தலையை நிமிர்த்தக் கூசி, தூரிகையை அரக்கில் தோய்த்தான்.

டிக்.

மழைச் சொட்டு என்று நினைத்தான். சற்றுப் பொறுத்து, டிக். கூரையில் இல்லை. முதுகுக்குப் பின்னால், ஆணி இருக்கும் பக்கம்.

அந்த ஓசை அவனுக்குப் பழக்கம்தான். முகமூடியின் நடுவில் ஒரு வால்வு உண்டு. அதற்குள் மெல்லிய ரப்பர் இலை. மூச்சை வெளியே விட்டால் இலை திறக்கும். உள்ளே இழுத்தால் படிந்து மூடும். அப்போதுதான் டிக். வெளிக்காற்று எவ்வளவு அடித்தாலும் அந்த இலை திறக்காது. உள்ளிருந்து ஊதினால்தான் திறக்கும்.

உள்ளிருந்து.

திரும்பினான். முகமூடியின் மடிப்புகள் மெதுவாக உப்பின. வால்வின் வழியே இழைபோலச் சிவப்புத் தூசி வெளிவந்தது. மிதந்தது. மேசைக்கு வந்தது. ஈர அரக்கில், வெள்ளைச் சிலுவையில், இறங்கியது.

டிக். மடிப்புகள் ஒடுங்கின.

மறுபடி உப்பின. மறுபடி தூசி. இம்முறை குறைவாக. சிலுவை சிவந்துகொண்டிருந்தது. ஊதித் தள்ள வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

டிக்.

நீண்ட இடைவெளி.

டிக்.

போன் அடித்தது. சுஜிதா.

ஒரு சொல் போதும். படாக். விரல் திரைவரை போய் நின்றது. இப்போது சொன்னால், சற்றுமுன் சொன்னது பொய் என்றாகிவிடும்.

"சொல்லிடறேன் எப்சி," என்றான். போனில் அல்ல. ஆணியைப் பார்த்து. "நாளைக்கு ஏலம் முடியட்டும்."

முகமூடி உள்ளே இழுத்தது. ஆழமாக. துணி ஒட்டிக்கொண்டது. மூக்கு தெரிந்தது. திறந்த உதடுகள் தெரிந்தன. கீழுதட்டுக்குக் கீழே, அவன் நன்றாக அறிந்த அந்தச் சின்னக் குழி.

டிக்.

துணி மறுபடி உப்பக் காத்திருந்தான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆணியில் அவள் முகம், வாய் திறந்தபடி, அப்படியே இருந்தது.