கருப்பம்மாள் கருப்பண்ணன் ஆன கதை

“அண்ணாச்சி, எங் கருப்பம்மாள் ஆம்பளையாயிட்டாக,” என்றபடி உள்ளே வந்தார் கல்லூரித் தமிழாசிரியை கற்பகவல்லி.

ரயில்வே காவல் பணியிலிருந்து ஓய்வுபெற்று விருதுநகரில் இருந்த தங்கப்பாண்டியன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். “உக்காருங்க டீச்சர். மொதல்ல இருந்து சொல்லுங்க.” அவர் மனைவி லட்சுமிகாந்தம் அடுப்பை அணைத்துவிட்டே வந்து நின்றாள். வழக்கு என்று வந்துவிட்டால் அவளுக்குப் பசிக்காது.

பழைய பத்திரிகைகளில் வந்த நாடக விளம்பரங்களைச் சேர்ப்பவர் கற்பகவல்லி. அவற்றில் அவர் உயிராகக் காத்தது 1926-ஆம் ஆண்டு நறுக்கு ஒன்று. வாங்கும்போதே அட்டையில் ஒட்டியிருந்தது. சாத்தூரில் ஒரு பெண் எழுதிய நாடகம் நடந்ததற்கு அது ஒன்றே சாட்சி. எண்பது ஆண்டு கழித்து, மறுநாள் கருத்தரங்கில் அதைக் காட்டவேண்டும்.

அட்டையை நீட்டினார். ‘நாளை மாலை சாத்தூர்க் கொட்டகையில் பருத்திக்காட்டு ராணி. இயற்றியவர் கருப்பண்ணன்.’

“கருப்பம்மாள்னு இருந்துச்சு அண்ணாச்சி.”

“இந்த வாரம் யார் கைக்குப் போச்சு?”

“ரெண்டு பேரு. சாத்தூர் வெள்ளைத்துரை பாத்துட்டுத் தந்தாக. நாப்பது வருசமாப் பழைய பேப்பர் சேக்கிறவுக. அந்தக் காலத்துல பொம்பளை எங்க நாடகம் எழுதுனா, அச்சுப் பிழைதான்னு அடிச்சுப் பேசுனாக. அப்புறம் போஸ்டருக்குப் படம் எடுக்க சிவகாசி மாரிக்கண்ணன் பிரஸ்ல குடுத்தேன். நேத்து வாங்கியாந்து இன்னைக்குத்தான் பிரிச்சேன்.”

“வெள்ளைத்துரை வேலைதான்,” என்றாள் லட்சுமிகாந்தம்.

தங்கப்பாண்டியன் லென்ஸை ‘நாளை மாலை’யின் மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளை முகர்ந்தார். “வெள்ளைத்துரையைச் சிவகாசிக்கு வரச்சொல்லிப் போன் போடுங்க டீச்சர். நாம பஸ்ஸைப் பிடிப்போம்.”

காலண்டர் சீசன். மாரிக்கண்ணனின் பிரஸ்ஸில் உட்கார இடமில்லை. வெள்ளைத்துரையும் வந்திருந்தார். எல்லாரும் நின்றபடியே கேட்டார்கள்.

“இது புதுசா அச்சடிச்சது,” என்றார் தங்கப்பாண்டியன். “அந்தக் கால அச்சுல ‘ளை’யும் ‘லை’யும் தும்பிக்கையைத் தூக்கிக்கிட்டு நிக்கும். இது எழுபத்தெட்டுல எழுத்துச் சீர்திருத்தம் பண்ணுனதுக்குப் பெறகு வந்த எழுத்து. வெள்ளைத்துரை பொய்யே அடிச்சாலும் இந்தத் தப்பைப் பண்ணமாட்டாக. அப்புறம், பழைய தாள் எப்படி டீ மணக்கும்?”

மாரிக்கண்ணன் தலையைக் குனிந்தார். “படம் எடுக்குறதுக்கு முந்தியே டீ கொட்டிருச்சு அண்ணாச்சி. டீச்சர் மொகத்துல எப்பிடி முழிக்கன்னு கம்ப்யூட்டர்ல அடிச்சு, டீத்தண்ணியில முக்கி, அதே அட்டையில ஒட்டுனேன். கறையில ‘கருப்ப’ வரைக்கும்தான் தெரிஞ்சுச்சு. நாடகம் எழுதுனவுக ஆம்பளையாத்தான் இருப்பாகன்னு நெனச்சுட்டேன்.”

“பழசு எங்க?” என்றார் கற்பகவல்லி.

“காலண்டர் கட்டுக்கு அடியில இருக்கு. தூக்கிப்போட மனசு வரலை.”

கொண்டுவந்தார். காய்ந்த கறைக்குள் பெயர் மங்கலாகத் தெரிந்தது. நறுக்கு நனைந்து அட்டையிலிருந்து உரிந்து வந்ததால் இதுவரை யாரும் பார்க்காத பின்பக்கமும் வெளியே வந்திருந்தது. அங்கே ஒரு சிறு செய்தி. வெள்ளைத்துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்: “நாடகத்தை இயற்றிய ஸ்ரீமதி கருப்பம்மாள் தாமே ஒத்திகை நடத்தி வருகிறார்.”

லட்சுமிகாந்தம் கணவனைப் பெருமையாகப் பார்த்தாள்.

வெள்ளைத்துரை இன்னொரு முறை படித்தார். “டீச்சர், நாளைக்கு மேடையில இந்தப் பக்கத்தை நான் வாசிக்கட்டுமா?”

“வாசிங்க,” என்று சிரித்தார் கற்பகவல்லி. “கடைசி வரிசைக்கும் கேக்குறாப்ல வாசிங்க.”