தேய்த்ததும் மறைந்த தேக்கு

"நாளைக்கு எங்க அண்ணன் என் வீட்டுக்காரர் மேல போலீஸ்ல புகார் குடுக்கப் போறாரு சார்," என்றாள் வந்தவள். துப்பறிவாளர் உட்காரச் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

அவள் கணவன் தச்சன். மாமனார் வீட்டு ஜன்னல்களைச் சுற்றி அடித்திருந்த பீடிங் என்னும் அலங்கார மரச் சட்டங்களைத் தேய்த்து மெருகேற்றப் போயிருந்தான். வேலை பாதியில் இருக்கும்போது அவளுடைய அண்ணன் எட்டிப் பார்த்தான். கறுத்து மின்னிய தேக்குச் சட்டங்கள் இருந்த இடத்தில் வெளிறிய மட்ட மரம்! தேக்கைக் கழற்றி விற்றுவிட்டான் என்று வீடே இரண்டுபட்டது.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வாயே திறக்கலை. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் படியிறங்கியதும், "அவன்தான் எடுத்திருப்பான், அத்தான்," என்று தீர்ப்பெழுதினான் துப்பறிவாளரின் மைத்துனன். எந்த வழக்கையும் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவான்.

மாலையில் இருவரும் அந்த வீட்டுக்குப் போனபோது எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். பக்கவாதத்தில் பேச்சிழந்த பெரியவர், அவளுடைய அப்பா, கட்டிலில் கிடந்தார். கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டு, அசையக்கூடிய அவரது இடது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள்.

"இவனைத் திருடன்னு சொன்னதிலேருந்து சட்டத்தை நகத்தால பிராண்டிக்கிட்டே இருந்தார் சார், ரத்தம் வர்ற அளவுக்கு," என்றான் அண்ணன். "பட்டினி கிடந்து போட்ட தேக்குன்னு சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தவர். வயிறு எரியாதா?"

துப்பறிவாளர் சட்டத்தை முகர்ந்து பார்த்தார். முக்காலி மேல் ஏறி மேல் விளிம்பைச் சுரண்டினார். இறங்கும்போது அவர் முகம் வாடியிருந்தது.

"சுவரையும் சட்டத்தையும் சேர்த்துப் பழைய சுண்ணாம்பு ஒரே பூச்சா ஓடுது. கழற்றியிருந்தா அது உடைஞ்சிருக்கும். அடிச்ச நாள்லேருந்து இந்தச் சட்டம் அசையலை."

"அப்போ தேக்கு எங்கே, அத்தான்?"

"உப்புத்தாள் படாத மேல் விளிம்பு இன்னும் கறுப்பா இருக்கு. சுரண்டினா அதுவும் வெளிறுது. அது சாயம். தேக்கைத் தேய்ச்சா எண்ணெய் வாசனை வரும், வெட்டு முனையில ரேகை தெளிவா ஓடும். இதுல ரெண்டும் இல்லை. இது மாமரம். ஆரம்பத்திலேயே மாமரம்தான்."

அவர் தச்சனைப் பார்த்தார். "தேய்க்க ஆரம்பிச்சதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது சார்," என்றான் தச்சன் மெல்ல. "திரும்பினேன். மாமா என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். சொல்லிடாதேன்னு கெஞ்சற மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் உங்களைத் திருடன்னு சொன்னதும் அவருக்கு மனசு கேக்கலை. இது வெறும் சாயம்னு சுரண்டிக் காட்டப் பார்த்திருக்கார்." துப்பறிவாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க கையைக் கட்டிட்டீங்க."

மகள் அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தாள். அண்ணன் கட்டிலருகே போய், "ஏம்ப்பா, நிஜமா?" என்று கேட்டான்.

பெரியவரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அவரால் முடியவில்லை. தச்சன் முன்னே வந்து, யார் கண்ணிலும் அவர் முகம் படாதபடி நடுவில் மறைத்து நின்றுகொண்டான்.