ஹில்டாவுக்கு ஏறாத ரத்தம்

திங்கள், காலை 8.40. செகந்திராபாத்தில் ஒரு டயாலிசிஸ் மையம். நோயாளி ஹில்டாவின் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. ஹீமோகுளோபின் 6.1.

நர்ஸ் ஷோபா தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். நான்கு மாதம் முன்பு 10.4. ரத்தக் கசிவு இல்லை. இரும்புச்சத்து போதுமான அளவு. பழுதான சிறுநீரகம் சுரக்காத எரித்ரோபாய்டின் ஹார்மோனை வாரம் மூன்று ஊசியாக வீட்டிலேயே போட்டும், புதுச் சிவப்பணுக்கள் உருவாகவில்லை. வேறு வழியின்றி இரண்டு முறை ரத்தம் ஏற்றியாயிற்று.

“மருந்தைத் திருடிட்டு யாரோ தண்ணி அடைச்சிருக்காங்க, சிஸ்டர்,” என்றார் ஹில்டாவின் கணவர் ஜார்ஜ். “அந்த மருந்துக்கடை சலீம்தான்.”

காலை 11.15. கடைக்கு வந்த ஷோபாவிடம் சலீம் விற்பனைப் பதிவைக் காட்டினான். அதே பேட்ச் மருந்தை மேலும் மூன்று நோயாளிகள் வாங்கியிருந்தார்கள். மூவரும் ஷோபாவின் மையத்துக்கு வருபவர்கள். மூவருக்கும் ஹீமோகுளோபின் ஏறியிருந்தது.

மாலை 4.30. மெட்டுகுடாவில் ஜார்ஜின் வீட்டுக்கு ஷோபா வந்தாள்.

“ஊசி யார் போடுறது, அங்கிள்?”

“நான்தான். ஒரு நாள் தவறினதில்ல.”

“எப்படிப் போடுவீங்க?”

“ரெண்டு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்துடுவேன். அப்புறம் உள்ளங்கையில வெச்சு உருட்டுவேன்.”

“வேற யாராச்சும் தொடுவாங்களா?”

“நக்கோ, இல்ல. யாரையும் விடமாட்டார்,” என்றாள் ஹில்டா. “மே மாசம் கரண்ட் போனதுலேர்ந்து ரொம்ப ஜாக்கிரதை.”

குளிர்ந்த மருந்துக்கு எதற்கு இரண்டு மணி நேரம்? ஷோபா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தட்டுகளில் மருந்து இல்லை. ஃப்ரீஸரில் இருந்தது. குப்பிக்குள் பனிக்கட்டி.

“யாரும் திருடல, அங்கிள். இது உறையவே கூடாத மருந்து. உறைஞ்சா வீணாயிடும். கரைச்சுப் போட்டாலும் வேலை செய்யாது.”

“கரண்ட் போனாலும் கெடாம இருக்கட்டும்னு வெச்சேன். அப்ப, நானா?”

“ஆமா, அங்கிள். எங்க வெக்கிறீங்கன்னு நானும் ஒரு தடவகூடக் கேக்கல.”

ஜார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். “அடுத்த மாசம் ஆபரேஷன்ல என் கிட்னியை இவளுக்கு வெச்சுட்டா எல்லாம் சரியாயிடும்ல?”

ஷோபாவின் பையில் மதியம் வந்த இன்னொரு தாள் இருந்தது. ஏற்றிய ரத்தத்தால் ஹில்டாவின் உடலில் புது எதிர்ப்புப் பொருள்கள் உருவாகியிருந்தன. முன்பு பொருந்திய ஜார்ஜின் சிறுநீரகம் இப்போது பொருந்தவில்லை. அதையும் ஷோபா சொன்னாள்.

ஹில்டா கணவரின் தோளில் கைவைத்தாள்.

“நான் இன்னொரு தடவ டெஸ்ட் கொடுக்கட்டுமா, சிஸ்டர்?” என்றார் ஜார்ஜ்.

“கொடுங்க,” என்றாள் ஷோபா. முடிவு மாறாது என்று அவளுக்குத் தெரியும்.