திருப்பிச் சொன்ன அளவு

அவள் சர்வேயர். அவளுடைய உதவியாளருக்குக் காய்ச்சல். அதனால் அன்று டேப்பின் மறுமுனையைப் பிடிக்க, லீவு போட்டுவிட்டு அவள் கணவனே வந்திருந்தான்.

"ரூல் ஒண்ணுதாங்க," ஜீப்பை விட்டு இறங்கும்போதே சொன்னாள். "நான் அளவு சொன்னா நீங்க திருப்பிச் சொல்லணும். 'சரி'ன்னு சொல்லிட்டு எழுதிக்குவேன். எழுதினாத்தான் அது அளவு."

"திருப்பிச் சொல்றதா? பதினோரு வருஷமா வீட்ல அதைத்தானே பண்றேன்," என்றான் அவன்.

அடுத்த வாரம் அந்தப் பொட்டல் வழியே சாலை வருகிறது. அதற்குள் அங்கிருந்த ஆறு கல்லறைகளை அளந்தாக வேண்டும். எழுத்தே பிறக்காத காலத்தவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், முன்கல்லில் தலை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் துளை. ஆறு கல்லறைகளும் பிறை போல வளைந்து நின்றன. ஆறு துளைகளும் எதிரே இரட்டைக் குன்றுகளின் இடைவெளியையே பார்த்தன.

துளைகள் பார்க்கும் அந்தக் கோட்டில் நின்றபோது அவளுக்குக் குரலைத் தாழ்த்தத் தோன்றியது. குன்றுகள் குன்றுகளாகத் தெரியவில்லை. யாரோ நட்டுவைத்த வாசல் நிலை போலிருந்தன.

பிறையின் ஓரத்தில் மட்டும் ஓர் இடம் காலி. ஏழாவது.

"நமக்கு புக் பண்ணி வெச்சிருக்காங்க போல," என்றான்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க."

மாலைக்குள் ஐந்து முடிந்தது. ஆறாவது பெரியது. டேப் முனையோடு அவன் அதன் பின்பக்கம் போய் மறைந்தான். அவள் முதுகுக்குப் பின்னே, குன்றுகளின் நடுவில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. மழை பார்த்து மாதங்களான நிலத்தில் ஈரமண் வாசம்.

"நீளம், ரெண்டு மீட்டர் பதினாலு."

"ரெண்டு பதினாலு." கல்லில் பட்டு வந்ததாலோ என்னவோ, குரல் கனத்திருந்தது.

"சரி. இப்ப மூடுகல்."

மறுமுனை மெல்ல மேலே ஏறியது.

"ரெண்டு நாப்பது."

"ரெண்டு நாப்பது."

"சரி."

"என்னடி, தனியா பேசிட்டிருக்கே?"

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஜீப் பக்கமிருந்து தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தான் அவன். "டேப்பை ஒரு கல்லுல மாட்டிட்டு அப்பவே போயிட்டேனே."

அவள் கையிலிருந்த டேப் விறைப்பாகவே இருந்தது.

ஒரு விரற்கடை, உள்ளே இழுபட்டது.

"ஒண்ணு எழுபத்தி மூணு," என்றது துளையின் இருட்டு.

அவள் சொல்லாத அளவு.

தொழில் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணு எழுபத்தி மூணு."

"சரி."

அதைச் சொன்னதும் இருட்டுதான். டேப் தொய்ந்து விழுந்தது.

"அட, அது என் உயரமாச்சே! என்னை எப்போ அளந்தே?" கணவன் சிரித்தான். அவனுக்கு அவள் குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

அவனை ஜீப்பில் தள்ளி, நோட்டையும் டேப்பையும் அவன் மடியில் எறிந்துவிட்டு, அவளே ஓட்டினாள். குன்றுகள் மறைந்த பிறகுதான் மூச்சு வந்தது. நல்லவேளை, எழுதவில்லை. எழுதாத வரை அது அளவே இல்லை.

"பேயறைஞ்ச மாதிரி ஏன் இருக்கே?" என்றான் அவன். "கவலைப்படாதே. நீ விட்டதை நானே எழுதிட்டேன்."

பிரேக்கை மிதித்தாள். நோட்டைப் பிடுங்கினாள்.

ஏழாவது வரிசையில் அவன் கையெழுத்து: 1.73.

அதன் பக்கத்தில், 'சரிபார்த்தவர்' கட்டத்தில், செம்மண்ணால் ஒரு பெருவிரல் ரேகை.

அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

ரேகையைத் தொட்டாள்.

ஈரமாக இருந்தது.